ரீகன்சிலியேஷன்: நல்லிணக்கமா, ஒப்புரவா?

நைஜீரியாவில் ஒகோனி மக்கள் வாழும் எண்ணெய் மண்ணைப் பற்றி எதைப் படித்தாலும் ‘ரீகன்சிலியேஷன்’ என்ற சொல் வந்துவிடும். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? லத்தீனில் ‘கான்சிலியாரே’ என்றால் ஒன்றுசேர்ப்பது. முன்னால் ‘ரீ’ சேர, மறுபடியும் சேர்ப்பது. நடுவில் ஏதோ அறுந்துபோனது என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. கணக்கு எழுதுபவர்களும் இதைத்தான் சொல்வார்கள்: பேங்க் கணக்கையும் நம் பேரேட்டையும் பக்கத்தில் வைத்து, இடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து நேர்செய்வது.

பேச்சில் ‘ராசியாயிட்டாங்க’ என்போம். சம்மதம் என்ற பொருளில் அரபி வழியாக வந்த ‘ராஜி’ அது. ராஜினாமாவில் இருப்பதும் அதுவே. கோர்ட்டில் சமரசம், ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வழக்கை முடிப்பது. இலங்கை அரசு ஆவணங்களில் நல்லிணக்கம். நல்ல சொல்தான். ஆனால் சண்டையே நடக்காத ஊரிலும் நல்லிணக்கம் இருக்கலாமே.

ஒகோனியில் 1958 முதல் ஷெல் என்ற கம்பெனி எண்ணெய் எடுத்தது. எதிர்ப்பு வலுத்து 1993-இல் வெளியேறியது. மறு ஆண்டு ஒகோனித் தலைவர்கள் நால்வரை ஒரு கும்பல் கொன்றது. அந்தக் கொலையைக் காரணம் காட்டி, 1995 நவம்பர் 10 அன்று ராணுவ அரசு, ஷெல்லுக்கு எதிரான போராட்டத்தை முன்னின்று நடத்திய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. கம்பெனியோடு பகை, அரசோடு பகை, ஒகோனிகளுக்குள்ளேயே பகை. 2005-இல் பாதிரியார் மேத்யூ குக்காவை அரசு நடுவராக நியமித்தது. அப்புறம் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மண்ணையும் நீரையும் சோதித்து 2011-இல் அறிக்கை தந்தது. நிசிசியோகென் ஒகாலே என்ற ஊரில் மக்கள் குடித்த கிணற்றுநீரில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் பென்சீன் என்ற, புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம். நிலத்தடி நீரின்மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவரிடம் போய் ‘சமரசமாகப் போங்கள்’ என்று எந்த வாயால் சொல்வது? விட்டுக்கொடுக்க அவரிடம் என்ன மிச்சம்?

அதனால்தான் ஒப்புரவு என்கிறேன். கிறிஸ்தவத் தமிழில் ‘சகோதரனோடே ஒப்புரவாகி’ என்றால் பிரிந்தவனோடு மறுபடி சேர்வது. குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே ஊருக்குச் செய்யும் கடமை அது. ஊர் குடிக்கும் குளம் நிறைந்ததைப் போல என்று சொல்லும் ‘ஊருணி நீர்நிறைந் தற்றே’ என்ற குறள் அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. உறவைச் சேர்ப்பதும் ஊர் குடிக்கும் நீரைத் திருப்பித் தருவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஒகோனிக்கு இரண்டுமே வேண்டும்.

மன்னிப்பு என்பது வேறு. 2025 ஜூனில் நைஜீரிய அதிபர் டினுபு தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் மன்னிப்பு அறிவித்தார். மன்னிப்பு குற்றம் செய்தவருக்குத்தானே, இவர்கள் நிரபராதிகள் என்று அறிவியுங்கள் என்று கேட்கிறார்கள், அவர்களுக்காக இத்தனை ஆண்டு குரல்கொடுத்தவர்கள்.