பி.எச். கண்காணிப்பி: சொல்லும் பொருளும்

மீன்தொட்டி நீரில் இரவும் பகலும் அமிழ்ந்திருந்து அந்நீரின் அமில, காரத் தன்மையின் அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும் கருவியைக் கடைக்காரர்கள் 'பி.எச். மானிட்டர்' என்கிறார்கள். இத்தொடரில் உள்ள இரண்டு சொற்களின் பொருளையும் சரியாக அறிந்துகொண்டால், எத்தகைய கருவியை வாங்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

'பி.எச்.' என்னும் குறியீட்டை 1909-இல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த டேனிய வேதியியலாளர் சோரன்சென் அறிமுகப்படுத்தினார். 'எச்' ஹைட்ரஜனைக் குறிக்கிறது. 'பி' எதன் சுருக்கம் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அடுக்கைக் குறிக்கும் 'பொட்டென்ஸ்' என்ற ஜெர்மானியச் சொல்லே மூலம் என்பது பரவலான விளக்கம். ஹைட்ரஜன் அயனிச் செறிவை எதிர்க்குறி மடக்கையாக (லாகரிதமாக)ச் சொல்லும் எண் இது. மடக்கை என்பதே இங்கு உயிரான செய்தி: அளவு 7.0-இலிருந்து 6.0-க்கு இறங்கினால் செறிவு பத்து மடங்காகிறது; 6.7-க்கு இறங்கினாலே ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது.

தமிழில் இதற்குக் 'காரகாடித்தன்மைச் சுட்டெண்' என்ற ஆக்கம் உண்டு. 'காடி' புளித்த நீரைக் குறிக்கும் பழைய சொல். 'காரம்' வடமொழி 'க்ஷாரம்' வழியாக வந்தது. பொருளை நேராகச் சொல்லும் நல்ல ஆக்கம்தான் என்றாலும் நீளமானது. கட்டுரையில் ஒருமுறை அதை எழுதிவிட்டு, பிறகு 'பி.எச்.' என்றே தொடர்வது படிப்பவருக்கு எளிது.

'மானிட்டர்' என்பதன் வேர், எச்சரித்தலைக் குறிக்கும் 'மொனேரே' என்னும் இலத்தீன் வினை. ஆகவே அளப்பதை மட்டும் சொல்லும் 'மானி' அதற்குப் போதாது, 'கண்காணிப்பி' பொருந்தும். "கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்" என்ற திருமந்திர அடியில், இடையறாது பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற பொருளிலேயே கண்காணி நிற்கிறது.

எனவே எச்சரிக்கை ஒலி இல்லாத கருவியைக் கண்காணிப்பி என்று கொள்ளலாகாது. செடிகள் வளரும் தொட்டியில் விளக்கு எரியும்போது பி.எச். ஏறுவதும் இரவில் இறங்குவதும் இயல்பு. அந்த ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட்டு மேல், கீழ் எல்லைகளை நாமே குறிக்க வசதி வேண்டும். 25 பாகை செல்சியசில் 7-இலிருந்து 8-க்கு ஏறும்போது மீனுக்கு நஞ்சான கட்டற்ற அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காவதால், மேல் எல்லையைக் கவனமாக வைக்க வேண்டும்.

இரண்டு தசம இடங்களைக் காட்டும் திரையைவிட, நீரில் அமிழ்ந்து அளவை உணரும் பகுதியாகிய மின்முனை கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. ஒரு பி.எச். அலகு மாற்றத்துக்கு 25 பாகையில் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் மட்டுமே தரும் கண்ணாடி மின்முனை, நீரில் கிடக்கக் கிடக்கப் பாசி படிந்தும் தேய்ந்தும் பிழையான அளவைக் காட்டத் தொடங்கும். ஆதலால் பி.எச். 7.00, 4.01 ஆகிய இரு தாங்கல் கரைசல்களை (பி.எச். எளிதில் மாறாத கரைசல்களை)க் கொண்டு அளவைத் திருத்தும் வசதியும், கடல்நீர்த் தொட்டியாயின் 4.01-க்கு மாற்றாக 10.01-ஐ ஏற்கும் வசதியும் இருக்க வேண்டும். அவ்வப்போது கையில் பிடித்து அளப்பதற்கான பேனா வடிவ மானிகள் தொடர்ந்து அமிழ்ந்திருக்க ஏற்றவையல்ல. மின்முனையை வெளியே எடுத்து வைக்க நேர்ந்தால் உலர விடாமலும், வாலைவடி நீரில் இடாமலும், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும்.