கணிப்பீடா, மதிப்பீடா?

கொழும்பில் வீடு வாங்கியவருக்கு 'அசெஸ்மென்ட்' என்ற சொல்லை முதலில் அறிமுகப்படுத்துவது மாநகர சபைதான். காலாண்டுதோறும் கட்டும் வரிக்கும் அந்தப் பெயர். காணி உறுதியில் எழுதும் வீட்டிலக்கத்துக்கும் அந்தப் பெயர். சில வருடங்கள் கழித்து அதே சொல் பிள்ளையின் பெயரோடு சேர்ந்து வரக்கூடும். "படிப்பில் விசேட உதவி தேவையா என்று பார்க்க, மகனை ஒரு அசெஸ்மென்டுக்குக் கூட்டிச் சென்று பாருங்கள், அம்மா" என்று வகுப்பாசிரியை மெதுவாகச் சொல்வார். கடிதமாக வந்தால் அது 'மதிப்பீட்டுக்கு உட்படுத்தல்' ஆகிவிடும். வாசிக்கும் பெற்றோருக்கு, பிள்ளையின் பெறுமதியை யாரோ நிர்ணயிக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். அந்தப் பயத்தில் பாதியைச் சொல்லே உண்டாக்குகிறது என்பது என் எண்ணம்.

'அசெஸ்' என்பதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. பக்கத்தில் அமர்தல் என்பது அதன் பொருள். நீதிபதியின் அருகே அமர்ந்து துணை செய்தவர் 'அசெசர்'. பின்னர், ஒருவர் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பவருக்கு அப்பெயர் போனது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் அது வரிச் சொல்லாகவே வாழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குள் அது பரவலாக நுழைந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதோடு சேர்த்தே பேசப்படும் 'இவேலுவேஷன்' பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் நடுவே 'வேல்யூ' என்ற விலைச் சொல் உட்கார்ந்திருக்கிறது.

தமிழுக்கு வருவோம். மதி என்றால் அளவிடு, பொருட்படுத்து, போற்று. மதிப்பு என்பது விலையும்தான், மரியாதையும்தான். இடு என்ற வினை நீண்டு ஈடு ஆகும், சுடு என்பது சூடு ஆவதைப் போல. ஆகவே மதிப்பு இடுதல் மதிப்பீடு. கணிப்பு இடுதல் கணிப்பீடு. கணி என்பதற்கு எண்ணிப் பார், ஆராய்ந்து அறி என்று பொருள். பழந்தமிழில் கணியன் என்றால் நாளும் கோளும் பார்த்துக் காலம் சொல்பவன்.

தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் 'அசெஸ்மென்ட்', 'இவேலுவேஷன்' இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான்: வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு. இலங்கையில் கல்வித் துறை இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. மாணவரின் கற்றலைப் பற்றித் தகவல் திரட்டுவது கணிப்பீடு. திரட்டியதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது மதிப்பீடு. ஆசிரியப் பயிற்சியில் இந்த வேறுபாட்டைக் கற்பிப்பது வழக்கம். 'பாடசாலை மட்டக் கணிப்பீடு' என்ற தொடர் பெற்றோருக்கும் பழகியதுதான். இவ்வளவு நல்ல சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, விசேட கல்வி என்று வந்தவுடன் மட்டும் மதிப்பீட்டுக்குத் தாவுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் கையேடுகளின் மொழிபெயர்ப்புகள் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே 'இவேலுவேஷன்' என்பது சட்டச் சொல்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், சொல்லின் பொருள் எதிர்த் திசையில் போவது தெரியும். 1975இல் நிறைவேறி, 1990இல் பெயர் மாறி, 2004இல் திருத்தப்பட்ட, குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டம் அது. உதவி தேவைப்படும் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அது அரசின் மீதே சுமத்துகிறது. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பொதுவாக முதல் கணிப்பீட்டைத் தொடங்க முடியாது. சம்மதம் கிடைத்தபின், மாநிலம் வேறு கால எல்லை வைத்திருந்தாலொழிய, 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். எந்த ஒரு தனிச் சோதனையையும் மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. குறைபாடு இருக்கிறது என்று நிறுவினால் மட்டும் போதாது. அதன் காரணமாக விசேட கல்வி தேவைப்படுகிறது என்பதும் தெரிய வேண்டும். பார்வைக் குறை உள்ள பிள்ளை கண்ணாடி அணிந்து வழமைபோலப் படித்தால் விசேட கல்விக்குத் தகுதி பெறாது. அங்கே கேட்கப்படுவது பிள்ளையின் தேவை. பிள்ளையின் பெறுமதி பற்றி எந்த இடத்திலும் பேச்சில்லை.

இந்தக் கலையின் தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. சாதாரண வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை எப்படி அறிந்து உதவுவது என்பது அதன் முன்னிருந்த கேள்வி. 1905இல் அல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் இருவரும் தங்கள் நுண்ணறிவு அளவுகோலை வெளியிட்டார்கள். 1912இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டேர்ன் அதிலிருந்து ஒரு ஈவை உண்டாக்கினார். அதுவே 'ஐ.கியூ.' எனப்படும் நுண்ணறிவு ஈவு. நுண்ணறிவு மாறாத அளவு என்ற எண்ணத்தை பினே 1909இலேயே மறுத்திருந்தார். ஆனாலும் எண் கையில் கிடைத்த பிறகு அதைத் தரவரிசையாக்காமல் இருக்க உலகத்தால் முடியவில்லை.

கணிப்பீட்டு அறையில் நடப்பது பெரும்பாலும் சாதாரணமான காரியங்கள். வட்டம், சிலுவை, சதுரம், முக்கோணம் ஆகியவற்றைப் பார்த்து வரையச் சொல்வார்கள். ஐந்து, எட்டு, இரண்டு என்று சொல்லிவிட்டு அதைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பொருளில்லாத சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். சிக்கல் மொழியில் இருக்கிறது. பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, வகுப்பில் ஆங்கிலம் கேட்கிறது, வீதியில் சிங்களம் பழகுகிறது. எந்த மொழியில் கணிப்பது? 1970இல் கலிபோர்னியாவில் இதே கேள்வி வழக்கில் வந்து நின்றது. ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது பிள்ளைகள் ஆங்கிலச் சோதனையின் பேரில், அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் மொழியிலேயே மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. பிள்ளையின் தாய்மொழியிலோ அது வழமையாகத் தொடர்புகொள்ளும் முறையிலோ கணிக்க வேண்டும் என்பது இப்போது அங்கே சட்டம்.

தமிழ்க் கொப்பி ஒன்றை எடுத்துப் பாருங்கள். 'மழை' என்பதை 'மளை' என்று எழுதிய பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடு என்று அவசரப்பட முடியாது. நம்மில் பலரது வாயில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது, பிள்ளை காதை நம்பி எழுதியிருக்கிறது. 'கொடி' என்று எழுத வரும்போது கொம்பு, ககரம், அரவு என்ற ஒழுங்கு நாள்தோறும் குலைகிறதா, பிற பிள்ளைகளுக்கு அது சரியாகிவிட்ட பிறகும் தொடர்கிறதா என்று பார்ப்பது வேறு. ககரத்துக்குப் பின் ஒலிக்கும் உயிருக்கான கொம்பை அதற்கு முன்னால் எழுத வேண்டிய எழுத்துமுறை நம்முடையது. இதை அறியாதவர் எவ்வளவு பெரிய பட்டம் வைத்திருந்தாலும் தமிழ்ப் பிள்ளையைக் கணிக்கத் தடுமாறுவார்.

கூடவே வரும் சொற்களையும் பார்க்கலாம். 'ஐடென்டிஃபிகேஷன்' என்பதற்கு இலங்கையில் 'இனங்காணல்' நிலைத்துவிட்டது. தரம் 1இல் சேரும் பிள்ளைகளைத் தொடக்க நாட்களில் இனங்காணும் செயற்பாடுகளைப் பெற்றோர் அறிவார்கள். விளையாட்டும் பாட்டுமாக நடப்பதால் அது யாரையும் பயமுறுத்துவதில்லை. 'ஸ்கிரீனிங்' என்பதற்குச் சிலர் எழுதும் 'திரையிடல்' படமாளிகைக்குப் போக வேண்டிய சொல். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவ அதிகாரியும் பாடசாலைக்கு வந்து கண், காது, பல், எடை, உயரம் பார்ப்பதை மக்கள் பரிசோதனை என்கிறார்கள். 'முதற் பரிசோதனை' என்றால் போதும்.

எனக்கு மிகப் பிடித்தது 'ரெஃபரல்' என்பதற்கு நாம் வழங்கும் 'ஆற்றுப்படுத்தல்'. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வள்ளலிடம் போகும் வழியைச் சொல்லும் பழம்பாட்டு வகை ஆற்றுப்படை. பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கு ஒரு பிள்ளையை அனுப்பும் துண்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆற்றுதல் என்றால் தேற்றுதல் என்று பொருள் கொண்டு சிலர் 'கவுன்சலிங்' எனும் உளவளத்துணைக்கும் இச்சொல்லை எழுதுகிறார்கள். ஒரே படிவத்தில் இரண்டு பொருளும் வந்தால் குழப்பம்தான். உளவளத்துணையை அதன் பெயரிலேயே விட்டுவிடலாம்.

ஆகவே கடிதம் எழுதும் ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை இது. பிள்ளைக்குச் செய்வதைக் கணிப்பீடு என்று எழுதுங்கள். பிள்ளைக்குக் கொடுத்த உதவி பயன்பட்டதா, விசேட கல்வி அலகு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்கு மதிப்பீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்புக்கு ஆளாக வேண்டியது அந்த ஏற்பாடுதான். 'ரீ-இவேலுவேஷன்' என்று வருமிடத்தில் மீள்கணிப்பீடு. அமெரிக்காவில் அதைப் பொதுவாக மூன்று வருடங்களுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். அந்தத் திகதியை முதல் அறிக்கையிலேயே குறித்துக் கொடுத்தால், இது மாறக்கூடிய முடிவு என்பது பெற்றோருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.