பழைய புல்லட்டில் பொறி பிறக்கும் விதம்

பாயின்ட் (எஞ்சின் சுழலச் சுழலத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய புல்லட்டை உதைப்பவரைக் கவனியுங்கள். சாவியைப் போட்டதும் கண் ஆம்ப் மீட்டருக்குப் போகும். முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். கிக்கர் இறுகுகிற இடத்தில் டீகம்ப்ரசரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லீவரை) பிடித்து மெல்ல அழுத்துவார். முள் நடுவுக்கு வந்ததும் இரண்டையும் விட்டு, முழு உதை.

அந்த முள் காட்டுவது, பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் கரன்ட்டை. பாயின்ட் மூடியிருக்கும்போது பேட்டரி, காயில், பாயின்ட், எர்த் (வண்டியின் உலோக உடல்) என்று சுற்று முழுமையாகிறது. பாயின்ட் திறந்ததும் கரன்ட் அறுந்து, முள் நடுவுக்கு வருகிறது. பிளக்கில் பொறி விழுவதும் அந்த நொடியில்தான். ஓடும் தண்ணீரைச் சட்டென்று வால்வை மூடி நிறுத்தினால் குழாய் அதிர்கிறதே, அப்படித்தான் இதுவும். காந்தப்புலம் திடீரென்று சரிய, காயிலின் உள்சுற்றில் ஆயிரக்கணக்கான முறை சுற்றிய மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுகிறது.

பாயின்ட்டோடு சேர்த்து மாட்டிய கண்டென்சரின் வேலை, கரன்ட் அறுவதைச் சுத்தமாக வைப்பது. அது போனால் பாயின்ட்டிலேயே தீப்பொறி பறக்கும், பிளக்குக்கு மிச்சம் கொஞ்சம்தான். பாயின்ட் அடிக்கடி கருகினால் முதலில் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

டைமிங் (பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது பொறி விழுகிறது என்பது) பார்க்கவும் இதே முள் போதும். ஆனால் முதலில் பாயின்ட் கேப்பை, அதாவது அது முழுதாகத் திறந்திருக்கும்போது உள்ள இடைவெளியை, 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்துவிட வேண்டும். கேப் மாறினால் டைமிங்கும் நகர்ந்துவிடும்.

சரி, பழைய வண்டியில் பொறி பலவீனமானால் காயிலை விட்டுவிட்டு வயரிங்கை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்? ஒரு சின்னக் கணக்கு. 6 வோல்ட் பேட்டரி, 1.5 ஓம் காயில் என்றால் 4 ஆம்பியர் ஓடும். பச்சை பூத்த ஒரு கனெக்டர் வெறும் அரை ஓம் சேர்த்தால் கரன்ட் 3 ஆம்பியர். காயிலில் சேரும் ஆற்றல் கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆக 16-க்கு 9 பங்குதான் மிஞ்சும். கால்வாசி கரன்ட் குறைந்ததற்குக் கிட்டத்தட்டப் பாதிப் பொறி போயிற்று! புதுக் காயில் வாங்கிப் போட்டாலும் இது தீராது.

எனவே மீட்டரை வோல்ட்டில் வைத்து, பாயின்ட் மூடியிருக்கும்போது பேட்டரி முனைகளிலும் காயில் முனைகளிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், கனெக்டர், பாயின்ட், எர்த் என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போகலாம். பளபளவென்று பவுடர் கோட்டிங் அடித்த வண்டிகளில் பெரும்பாலும் எர்த்தில்தான் மாட்டும். பெயின்ட்டின் மேல் போல்ட் இறுக்கினால் கரன்ட் எப்படிப் போகும்? பேட்டரியின் எர்த் முனையிலிருந்து எஞ்சினுக்கு நேராகத் தனி வயர் இழுத்துவிடுங்கள்.