‘வீட்டுக்காரர் எங்கே?’ – குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறும் பெண்ணுக்கு ஒரு நிலையான வீடு

கணவரையும் வீட்டு உரிமையாளரையும் தமிழில் ஒரே சொல்லால் குறிக்கிறோம்: வீட்டுக்காரர். அடி தாங்காமல் வெளியே வரும் பெண் இந்த இரண்டு பேரையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவர் ‘இது என் வீடு, வெளியே போ’ என்கிறார். வாடகைக்கு இடம் தேடிப் போனால் இன்னொருவர் ‘உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?’ என்கிறார். ‘இத்தனை வருஷம் ஏன் பொறுத்துக்கிட்டா?’ என்று அக்கம்பக்கம் கேட்பதற்குப் பல நேரம் இதுதான் விடை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க ஓர் இடம் இல்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவள் வாழ்ந்த வீட்டில் அவளுக்கு உரிமை உண்டு என்பது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 (2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது) தன் 17ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயர் இருக்க வேண்டியதில்லை. கணவர் பெயர்கூட இருக்க வேண்டியதில்லை. மாமனார் பெயரில் உள்ள வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்று 2007 முதல் பல நீதிமன்றங்களில் வாதாடி வந்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 அக்டோபர் 15 அன்று அந்த நிலையை மாற்றியது. நிலையாகக் குடித்தனம் நடத்திய வீடு என்றால், அது கணவரின் உறவினருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். வயதான மாமனார் மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் எடைபோடும் என்பதை மறக்க வேண்டாம். அப்படிப்பட்ட வழக்கில் அதே வீட்டுக்குப் பதில் வேறு வீடு கொடுக்கும்படி உத்தரவு வரலாம்.

இதற்கு எதிராக இப்போது அடிக்கடி எடுக்கப்படும் ஆயுதம் மூத்த குடிமக்கள் சட்டம். மகன் பின்னால் இருக்க, பெற்றோர் கோட்டாட்சியரிடம் ‘மருமகளை வெளியேற்றுங்கள்’ என்று மனுக் கொடுப்பார்கள். அந்தச் சட்டத்தை வைத்து மனைவியின் குடியிருப்பு உரிமையைத் தட்டிப் பறிக்க முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனாலும் கோட்டாட்சியர் அலுவலக அழைப்பாணையை அலட்சியம் செய்யக் கூடாது. நேரில் போய், குடும்ப வன்முறை மனுவின் நகலை வைத்து எழுத்துமூலம் பதில் கொடுக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். பொருந்தும். வாடகை வீடும் சட்டத்தின் பார்வையில் கூட்டாக வாழ்ந்த வீடுதான். அங்கே நடக்கும் தந்திரம் வேறு மாதிரி. கணவர் சத்தமில்லாமல் இரண்டு மூன்று மாத வாடகையை நிறுத்துவார். அல்லது நேரே உரிமையாளரிடம் போய் ‘காலி பண்றோம்’ என்று சொல்லி அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மனைவிக்குத் தெரியவரும்போது கதவைத் தட்டுவது உரிமையாளர். இதைத் தடுக்க வழி குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே இருக்கிறது. நடுவரின் (மாஜிஸ்திரேட்) அனுமதி இல்லாமல் கணவர் அந்த வீட்டில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 19ஆவது பிரிவின் கீழ் உத்தரவு வாங்கலாம். வாடகையைத் தொடர்ந்து கட்டும்படியும் கேட்கலாம். வாடகை நிற்கத் தொடங்கும் முதல் மாதமே மனுப் போடுவது நல்லது. உத்தரவு வந்ததும் உரிமையாளருக்கு ஒரு நகல் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) போக வேண்டும். பெரும்பாலான உரிமையாளர்களுக்குக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை, யாரிடம் வாடகை வாங்குவது என்ற குழப்பம்தான்.

சொந்த வீடு என்றால் ஆபத்து பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த வாரமே வீட்டைத் தம்பி பெயருக்கோ அப்பா பெயருக்கோ தானப் பத்திரமோ செட்டில்மென்ட்டோ எழுதிவிடுவார்கள். எனவே மனுவுக்கு முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துவிட வேண்டும். சர்வே எண், கதவு எண், நான்கு எல்லை மூன்றையும் மனுவில் அப்படியே எழுத வேண்டும். ‘எதிர்மனுதாரரின் வீட்டை விற்கத் தடை’ என்று பொத்தாம்பொதுவாக வாங்கிய உத்தரவை வைத்துச் சார்பதிவாளர் எந்தச் சொத்தென்று கண்டுபிடிக்க முடியாது.

கணவரையே வெளியேறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரமும் நடுவருக்கு உண்டு. வீட்டில் அமைதி நிலவ அது ஒன்றுதான் வழியென்றால் தயங்க வேண்டியதில்லை என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாமியார், நாத்தனார் போன்ற பெண்களை இப்படி வெளியேற்ற முடியாது. அவர்கள் அடிக்கிறவர்களாக இருந்தால், குறிப்பிட்ட அறைக்குள் வராமல் தடுக்கும் உத்தரவையோ மாற்று வீட்டையோ கேட்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதே வீட்டில் தங்குவதா, வெளியேறுவதா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். கழுத்தை நெரித்தது, ஆயுதத்தைக் காட்டியது, கொன்றுவிடுவேன் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் வெளியேறுங்கள், வீட்டு உரிமையைப் பிறகு பார்க்கலாம் என்றே சொல்வோம். வெளியேறியதால் உரிமை போய்விடாது. மனுப் போடும் நேரத்தில் அவள் அந்த வீட்டில் வசித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

வெளியேறும் நாளில்

எண் 181. இரவிலும் எடுப்பார்கள். அங்கிருந்து மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு, அதாவது சகி மையத்துக்கு, அனுப்புவார்கள். மருத்துவம், காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அங்கே தங்குவது சில நாட்களுக்குத்தான், பொதுவாக ஐந்து நாள் வரை. அதன்பின் நீண்ட நாள் தங்க அரசு உதவி பெறும் இல்லங்கள் உண்டு. முன்பு சுவாதார் இல்லங்கள் என்று இருந்தவை இப்போது சக்தி சதன் என்ற பெயரில் நடக்கின்றன. புகார் கொடுக்கவில்லை, வன்முறையைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லை என்ற காரணத்தால் காப்பகம் இடம் மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. அவள் கேட்டுக்கொண்டால், அங்கே இருப்பதைக் கணவருக்குத் தெரிவிக்கவும் கூடாது. ‘முதலில் எஃப்.ஐ.ஆர். வாங்கிட்டு வாம்மா’ என்று யாராவது திருப்பி அனுப்பினால், மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் உடனே சொல்ல வேண்டும்.

காப்பகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மகனைப் பற்றியது. ஆண் குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு, இல்லத்துக்கு இல்லம் அது மாறும். பன்னிரண்டு, பதின்மூன்று வயது மகனை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலிலிருந்து வீட்டுக்கே திரும்பிப் போகும் தாய்மார்கள் உண்டு. அதனால் இதைக் கிளம்பும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும்.

கணவர் செய்யும் முதல் வேலை பெரும்பாலும் ‘மனைவியைக் காணவில்லை’ என்று புகார் கொடுப்பது. காவல்துறை செல்போன் கோபுரத்தை வைத்துத் தேடிப் பிடித்து, நிலையத்தில் எதிரெதிரே உட்கார வைத்துவிடும். கிளம்பிய அன்றே, ‘என் விருப்பத்தின் பேரில், உயிருக்குப் பயந்து வெளியேறியிருக்கிறேன், என் இருப்பிடத்தை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம்’ என்று சேவை மையம் வழியாகவோ வழக்கறிஞர் வழியாகவோ அந்த எல்லைக் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். நேரில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ஒப்புகை) கேட்டு வாங்குங்கள்.

நிலையத்திலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடக் கூடாது. நகையையும் துணியையும் எடுத்துக்கொள்ளக் கொடுக்கும் விலையாக அந்தத் தாளைக் கேட்பார்கள். பொருள்களைத் திரும்பப் பெற நடுவரே உத்தரவிடலாம், அதற்காக வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மனுவில் கணக்கு இருக்க வேண்டும்

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பணமில்லை என்பதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், கணவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை.

மனுக்கள் சறுக்குவது பெரும்பாலும் வீட்டுக் கோரிக்கையில்தான். ஜீவனாம்சம் நான்கு பக்கத்துக்கு இருக்கும். கடைசியில் ‘தங்குமிடமும் வழங்க வேண்டும்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு நடுவர் என்ன உத்தரவு போடுவார்? அவள் அனுபவித்த அதே தரத்தில் மாற்று வீடு, அல்லது அதற்கான வாடகை என்பதே சட்டத்தின் சொல். ஆகவே முன்பிருந்த வீடு எத்தனை அறை, என்ன வாடகை, பள்ளிக்கு எத்தனை தூரம் என்று எழுதி, அதே பகுதியில் இன்றைய வாடகை என்ன என்பதையும் காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் ஐந்து மாதம் என்றால் 45,000, தரகருக்கு ஒரு மாத வாடகை 9,000. முதல் மாத வாடகையும் சேர்ந்து, கதவைத் திறப்பதற்கு முன்பே 63,000 ரூபாய் வேண்டும். ‘மாதம் 9,000 வாடகை தர வேண்டும்’ என்று மட்டும் உத்தரவு வாங்கியவளால் ஒரு வீட்டையும் பிடிக்க முடியாது. அட்வான்ஸைத் தனித் தலைப்பாகக் கேட்க வேண்டும்.

முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள், தீர்ப்பு 60 நாளுக்குள் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கிறது. இதனால் 23ஆவது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவுக்கான பிரமாண வாக்குமூலத்தை மனுவோடு அன்றே சேர்த்துக் கொடுக்க வேண்டும். கணவர் சம்பளக்காரர் என்றால் நிறுவனத்தின் பெயர், முகவரி, பணியாளர் எண் எல்லாம் மனுவில் இருக்கட்டும். பணம் வராதபோது சம்பளத்திலிருந்தே பிடித்துத் தரும்படி நிறுவனத்துக்கு உத்தரவு கேட்கலாம். இன்னொன்று: 31ஆவது பிரிவின் தண்டனை (ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்) பாதுகாப்பு உத்தரவை, அதாவது வன்முறை செய்யக் கூடாது என்ற உத்தரவை, மீறுவதற்கென்றே எழுதப்பட்டிருக்கிறது. குடியிருப்பு உத்தரவை மட்டும் கேட்டு நிறுத்தாமல் பாதுகாப்பு உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். நகல் இலவசம். ஒன்று காவல் நிலையத்துக்கும் போக வேண்டும்.

விவாகரத்து நோட்டீஸ் வந்தால் ‘அவனோட எனக்கென்ன’ என்று ஒதுங்கிவிடக் கூடாது. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால், அதன்பின் வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்பது மிகவும் கடினமாகிவிடும்.

புதிய வீடும் பழைய சிம் கார்டும்

வீடு பார்க்கும்போது, தனியாக வாழும் பெண் என்றதும் பாதிக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. முழுக் கதையையும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ‘நானும் பிள்ளைகளும் இருக்கிறோம், இன்ன இடத்தில் வேலை, இது சம்பளச் சீட்டு’ என்பது போதும். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் தொலைபேசியில் உறுதி சொன்னால் பெரிய பலம். தெருவைப் பார்த்த தரைத்தள வீட்டைவிட, உரிமையாளர் குடும்பம் கீழே இருக்கும் மாடி வீடு பாதுகாப்பு. பிள்ளைகள் இல்லாத, வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தமிழக அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. தனியார் விடுதி என்றால், பெண்கள் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில், எழுத்தில் இருக்க வேண்டும். அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ போட்டால் நாளை அவர்கள் ‘சமாதானமாப் போம்மா’ என்று முடிவெடுத்தால் வீடும் போய்விடும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. இதைச் சொல்லிப் பேரம் பேசலாம். ஆனால் பத்து மாத முன்பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு இந்த விதி உதவாது.

புதிய முகவரி பெரும்பாலும் போனிலிருந்துதான் கசிகிறது. சிம் கார்டு கணவர் பெயரில் இருந்தால் அவர் மாற்று சிம் வாங்கி வங்கி ஓ.டி.பி.யைப் பெற முடியும். தன் ஆதாரில் புது எண் வாங்கி, முதலில் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் மாற்ற வேண்டும். மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கின் ஏ.டி.எம். அட்டை அவரிடம் இருந்தால் அதையும் முடக்கிப் புது அட்டை கேட்க வேண்டும். கூகுள் கணக்கில் இருப்பிடப் பகிர்வை நிறுத்துவதோடு பிள்ளைகளின் டேப்லெட்டையும் பார்க்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உணவு, வாடகைக் கார் செயலிகளில் பழைய கணக்கு வேண்டாம். நீதிமன்ற மனுவின் நகல் கணவர் கைக்குப் போகும் என்பதால், அதில் புது வீட்டு முகவரி போடாமல் வழக்கறிஞர் முகவரிக்குத் தபால் அனுப்பக் கேட்கலாம்.

பள்ளியில் டி.சி. கேட்டுப் போனால் கணவருக்குத் தகவல் போகலாம். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமாகிறது என்பதற்காகப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. முதலில் சேர்த்துவிட்டு, பிள்ளையை யார் அழைத்துப்போகலாம் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால், புதுப்பிக்கும் பேச்சை ஒன்பதாம் மாதமே தொடங்குங்கள். உரிமையாளர் மறுத்தாலும் பிள்ளைகளின் பள்ளி ஆண்டை முடிக்க அவகாசம் கிடைக்கும்.