நல்ல நாளில்தான் மாட்டிக்கொள்கிறோம்

"நேத்து உடம்பு நல்லா இருந்துச்சு டாக்டர். சரி, இன்னிக்கே முடிச்சிடலாம்னு பீரோ முழுக்க ஒழிச்சு அடுக்கிட்டேன். இன்னிக்குக் கையைத் தூக்கித் தலை வார முடியலை."

தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் உள்ளவர்கள் எங்கள் பிசியோதெரபி அறையில் சொல்லும் பல கதைகள் இப்படித்தான் தொடங்கும். உடம்பு முடியாத நாளில் யாரும் பீரோவைத் திறப்பதே இல்லை.

நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருள் வந்து, அதை வாங்கிக்கொள்ளத் தசையில் இருக்கும் ஏற்பிகளைத் தொட்டால்தான் தசை சுருங்கும். இந்த நோயுள்ள பெரும்பாலோருக்கு கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பொருள்களே அந்த ஏற்பிகளைத் தாக்கிக் குறைத்துவிடுகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அசிட்டைல்கொலின் வரத்து எல்லோருக்குமே சற்றுக் குறையும். ஏற்பிகள் தாராளமாக இருப்பவருக்கு அது உறைப்பதில்லை, இவர்களுக்கோ கை தானாகவே கீழே இறங்கிவிடும். காலையில் நன்றாக நடந்தவர் மாலையில் மாடி ஏற முடியாமல் நின்றால் 'நடிக்கிறாள்' என்று சொல்லும் வீடுகளும் உண்டு. மாலையில் தளர்வதும், ஓய்வெடுத்தால் மீள்வதும் இந்த நோயின் குணம்.

அதனால் நான் முதலில் கேட்பது கடிகாரம். இருபது நிமிடத்தில் கை சோர்கிறதா? பன்னிரண்டாவது நிமிடத்தில் உட்காருங்கள், சோர்வு எட்டிப் பார்க்கும் முன்பே. இதுதான் மிகக் கஷ்டமான பயிற்சி, ஏனென்றால் அந்த நேரத்தில் 'இன்னும் முடியும்' என்றே தோன்றும். இந்த நோய்க்குத் தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை பொதுவாக அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். உணவை மென்று தின்னச் சிரமப்படுபவர்கள் சாப்பாட்டை மாத்திரை வேலை செய்யும் அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். தலை வாரும்போது முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். சூடான நீரில் குளித்தால் தளர்ச்சி கூடும், வெதுவெதுப்பே போதும். இதற்காகப் படுக்கையிலேயே கிடக்கச் சொல்லவில்லை. நோய் கட்டுக்குள் இருந்தால் அளவான உடற்பயிற்சி நல்லதுதான்.

ஓய்வெடுத்துச் சமாளிக்கக் கூடாத நேரமும் உண்டு. படுத்தால் மூச்சு முட்டுவது, நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்குவது, எச்சில்கூட விழுங்க முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பீரோ ஒழித்த அம்மா போன வாரம் வந்திருந்தார். இப்போது ஒரு நாளைக்கு ஒரு தட்டுதானாம். உயரத்தில் இருக்கும் தட்டை மகனிடம் விட்டுவிட்டார். "அவன் மடிக்கிற அழகைப் பார்த்தா எனக்கு வேற வியாதி வந்துடும்" என்று சிரித்தார்.