ஆறு யூரோ ஒயினுக்கு 90 மதிப்பெண் எப்படிக் கிடைக்கிறது?

ஸ்பெயினின் வடகிழக்கே அரகோன் தன்னாட்சிப் பகுதியில் காம்போ தே போர்ஹா என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அங்கே விளையும் கார்னாச்சா திராட்சையில் செய்த, அதிக நாள் முதிரவைக்காத சிவப்பு ஒயின் ஐரோப்பியக் கடைகளில் ஐந்தாறு யூரோவுக்குக் கிடைக்கும். அந்த விலையில் இருந்துகொண்டு 100-க்கு 88, 90 என்று மதிப்பெண் வாங்கிவிடும் பாட்டில்களும் உண்டு. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு முன், விலை ஏன் இவ்வளவு குறைவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாக்குக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

கார்னாச்சா வறட்சியைத் தாங்கும் கொடி. பந்தல், கம்பி எதுவும் இல்லாமல் குட்டைச் செடியாகத் தானே நிற்கும். 1996 வரை ஸ்பெயினில் திராட்சைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச சட்டம் பொதுவாக அனுமதிக்கவில்லை, அதனால் தண்ணீர் கேட்காத இந்த மாதிரிக் கொடிகள்தான் வறண்ட நிலங்களில் நிலைத்தன. மான்காயோ மலைப் பக்கமிருந்து சியெர்சோ என்ற வறண்ட குளிர்காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் பூஞ்சை நோய் குறைவு, மருந்துச் செலவும் குறைவு. ஒயின் செய்வதும் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள். இதையெல்லாம் விடப் பெரிய மிச்சம் பீப்பாயில்தான். 225 லிட்டர் பிடிக்கும் புது பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று ஆயிரம் யூரோவை நெருங்கும், அதில் 300 பாட்டில் ஒயின் அடங்கும், ஆக ஒரே தடவை பயன்படுத்தினால் பாட்டிலுக்கு மூன்று யூரோ மரத்துக்கே போய்விடுகிறது. பக்கத்து ரியோஹாவில் ‘கிரியான்சா’ என்று லேபிளில் போட வேண்டுமென்றால் ஓராண்டாவது பீப்பாயில் கிடக்க வேண்டும், எல்லாம் சேர்த்து இரண்டாண்டு கழித்துத்தான் விற்க முடியும். போட்ட பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். நம் கார்னாச்சா எஃகுத் தொட்டியில் நொதித்து, அடுத்த வருடமே கடைக்கு வந்துவிடுகிறது.

சரி, கிளாஸில் ஊற்றுவோம். சுழற்றிவிட்டுப் பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் துளித்துளியாக வழிந்து இறங்கும். இதைத் தரத்தின் அடையாளம் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உண்மையில் அது ஆல்கஹால் செய்யும் வேலை. கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் வேகமாக ஆவியாகிறது, மிஞ்சும் நீரின் பரப்பு இழுவிசை கூடுகிறது, அது கீழே இருக்கும் ஒயினை மேலே இழுக்கிறது, கனம் தாங்காமல் துளியாக வழிகிறது. சந்தேகம் இருந்தால் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். ஆவியாதல் தடைபட்டதும் துளிகள் அடங்கிவிடும். கார்னாச்சாவில் ஆல்கஹால் 14, சில சமயம் 15 சதவீதம் என்பதால் இந்த வேடிக்கை நன்றாகவே தெரியும்.

மோந்தால் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி வாசனை. யாரும் பழம் எதையும் கலக்கவில்லை. ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்கும்போது எஸ்டர்கள் என்ற மணச்சேர்மங்கள் உண்டாகின்றன, பழ வாசனையில் பெரும்பங்கு அவற்றுடையது. அமெரிக்க ஓக்கில் கிடந்த ரியோஹா என்றால் தேங்காய், வெனிலா வாசனையும் சேரும், அது மரத்திலிருந்து வரும் லாக்டோனும் வெனிலினும். வாயில் வைத்த பிறகும் நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் புளிப்பும் துவர்ப்பும் லேசான கசப்பும் மட்டும் மிஞ்சும்.

அந்தத் துவர்ப்பு தனிக்கதை. கொட்டைப்பாக்கை மென்றால் வாய் இழுத்துப் பிடிக்குமே, அதே டானின்தான் இங்கேயும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்குகிறது. எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் இருக்கின்றன, வாயை வழவழவென்று வைத்திருப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டு பால் திரிவது போல் திரியவைத்துவிடுகிறது, வழவழப்பு போய் நாக்கு அண்ணத்தில் உரசுகிறது. கண்ணாலேயே பார்க்கலாம்: ஒரு வாய் ஒயினை நன்றாகக் கொப்பளித்து வெள்ளைக் கிண்ணத்தில் துப்புங்கள், ஊதா நிறத்தில் நூல்நூலாக ஏதோ மிதக்கும். அது உங்கள் எச்சில் புரதம்தான். (விருந்தாளிகள் முன்னால் வேண்டாம்.) அரகோன்காரர்கள் இந்த ஒயினோடு தெர்னாஸ்கோ என்ற இளம் ஆட்டுக்கறி வறுவலைச் சாப்பிடுவதும் வேதியியல்படி சரிதான், கறியின் புரதமும் கொழுப்பும் டானினில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்.

இதுவரை சொன்னதெல்லாம் பாட்டிலுக்குள் இருப்பது. மதிப்பெண்ணில் பாட்டிலுக்கு வெளியே இருப்பதும் கலக்கிறது.

அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய 100 புள்ளி முறையில் எந்த ஒயினுக்கும் முதலிலேயே 50 உண்டு. நிறத்துக்கு 5, மணத்துக்கு 15, சுவைக்கு 20, மொத்தத் தரத்துக்கும் இனிமேல் மெருகேறும் வாய்ப்புக்கும் 10. பார்க்க அளவுகோல் மாதிரி இருக்கிறது. ஆனால் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரே பாட்டில் ஒயினைச் சொல்லாமல் மூன்று தரம் ஊற்றிக் கொடுத்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார். பத்தில் ஒரு நடுவர்தான் மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பீடு கொடுத்தார். பலருக்கு நான்கு புள்ளி மேலும் கீழும் ஆடியது.

கண்ணும் சும்மா இருப்பதில்லை. பிரான்ஸின் போர்தோவில் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வாசனைகளையே எழுதினார்கள், 2001-ல் வெளியான ஆய்வு இது. விலையும் அப்படித்தான். 2008-ல் வந்த இன்னொரு ஆய்வில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 என்று கேட்டவுடன் பிடித்துப்போனது. வாய் வார்த்தைக்காக அல்ல, மூளையில் இன்பத்தைக் குறிக்கும் பகுதியே ஸ்கேனில் கூடுதலாக இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

ஆகவே மலிவு ஒயினை நியாயமாக ருசிக்க நினைத்தால் பாட்டிலைத் துணிப்பையில் மூடிவிட்டு, விலை கூடிய இன்னொன்றோடு சேர்த்து, எது எது என்று தெரியாத ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். அப்புறம், சூடு. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு என்று எழுதியவர்கள் 16, 18 டிகிரி உள்ள ஐரோப்பிய அறையை நினைத்து எழுதினார்கள். சென்னையின் 30 டிகிரியில் 15 சதவீத ஆல்கஹால் மூக்கில்தான் குத்தும், ஸ்ட்ராபெர்ரி எங்கேயோ போய்விடும். அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் பாட்டில் வேறு ஒயினாகிவிடும்.

என்னைக் கேட்டால், நன்றாகச் செய்த ஒரு காம்போ தே போர்ஹா இளம் கார்னாச்சாவுக்கு 87 போடுவேன். பழம் நிறைய, துவர்ப்பு மிதம், முடிவில் ஆல்கஹால் கொஞ்சம் சுடும், பின்சுவை சீக்கிரம் மறைந்துவிடும். ஹாட்ஜ்சன் கணக்குப்படி அந்த 87-ஐ, 83-லிருந்து 91-க்குள் எங்கேயோ என்று படித்துக்கொள்ளுங்கள்.