ஒரு கோல் அடித்ததும் ஃபார்வர்டை வெளியே இழுக்கிறவர்களுக்கு

போன ஞாயிறு மறுபடியும் அதே கதை. கன்னியாகுமரி மாவட்டம் நீரோடிக்கு இந்தப் பக்கம் கடலை ஒட்டிய மணல் கிரவுண்டில், 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அரையிறுதி. ஒரு அணி 1-0 முன்னிலை, இன்னும் 20 நிமிஷம் இருக்கிறது. பந்தைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த ஒரே ஃபார்வர்டை எடுத்துவிட்டு மூன்றாவது ஸ்டாப்பரை (கோலுக்கு முன்னால் நடுவில் காவல் நிற்பவனை) உள்ளே விட்டார் அந்த அணியின் கோச். 2-1 தோல்வி. இந்த சீசனில் என் கண்ணெதிரே நடந்தது மட்டும் இது நான்காவது தடவை.

“டிஃபென்ஸ பலப்படுத்தத்தான் செஞ்சேன் சாரே, நேரம் சரியில்ல” என்றார். நேரத்தின் மேல் பழி போடுவதற்கு முன் ஆளை எண்ணியிருக்கலாம். எதிரணிக்கு ஒரே ஸ்ட்ரைக்கர். அவனோடு மோத ஒருவன், பின்னால் காக்க ஒருவன், அது போதும். மூன்றாமவன் யாரைப் பிடிப்பான்? பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மிச்சமிருந்த ஃபார்வர்டும் பயந்து நடுக்களத்துக்கு இறங்க, எதிரணி ஸ்டாப்பர் நடுக்கோடு வரை நிதானமாகப் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். அந்தக் கோச்சின் பையன்கள் ஓங்கி அடித்த பந்தெல்லாம் கடல்காற்றில் மோதி அங்கேயே விழுந்தது. விழுந்ததை எடுக்க முன்னால் ஆள் இல்லை. திரும்ப ஓரத்திலிருந்து கோல் முன்னால் கிராஸ், திரும்ப கிராஸ். கோலி முன்னால் அத்தனை முதுகு நின்றால் அவன் பந்தை எப்படிப் பார்ப்பான்? பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே குடியிருந்தால் ஆஃப்சைடும் கைகொடுக்காது.

பின்னால் ஐந்து பேர் நிற்பதே தப்பு என்று சொல்லவில்லை. இரண்டு ஸ்ட்ரைக்கர் வந்தால் மூன்று ஸ்டாப்பர் வையுங்கள், ஒருவன் மிச்சம் இருப்பான். ஆனால் இரண்டு ஓரத்திலும் நிற்கும் விங் பேக் இருவரும் பந்து ஓரத்துக்குப் போனதும் பாய வேண்டும், இல்லையென்றால் அது வெறும் கூட்டம்.

2005 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, இஸ்தான்புல். இடைவேளையில் மிலானிடம் லிவர்பூல் 0-3 பின்தங்கியிருந்தது. லிவர்பூல் கோச் பெனிடெஸ் ரைட் பேக் ஃபின்னனை எடுத்துவிட்டு நடுக்களத்துக்கு ஹாமனைக் கொண்டுவந்தார். பின்னால் நான்கு பேர் மூன்றானார்கள். ஹாமன் காவலுக்கு வந்ததும் கேப்டன் ஜெரார்டுக்கு முன்னேற வழி கிடைத்தது, ஆறே நிமிஷத்தில் மூன்று கோல். இது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் மிலானின் செர்ஜின்யோ தன் அணியின் இடது ஓரத்தில் தொல்லை கொடுத்தபோது அதே ஜெரார்டை அவனுக்கு எதிரே, லிவர்பூலின் வலப்புறம் காவலுக்கு இறக்கியதை யாரும் பேசுவதில்லை. எந்த ஓட்டை ஒழுகுகிறதோ அதை அடைத்தார், அவ்வளவுதான். (ஆட்டம் 3-3, பெனால்டியில் லிவர்பூல் வென்றது.)

ஆகவே கோச்சுகளே, மாற்றும் முன் இரண்டு நிமிஷம் பாருங்கள். கிராஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கிளியர் செய்த பந்து யார் காலில் விழுகிறது? த்ரோ-இன் வரும்போது நடுக்களத்தில் ஆடும் நடு ஹாஃபைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தை சொல்லுங்கள், அவன் மற்றவர்களிடம் சொல்லட்டும். பத்துப் பேரிடமும் கத்தினால் பாதிப்பேர் பின்னால் நான்கு பேர் என்றும் பாதிப்பேர் ஐந்து பேர் என்றும் நினைத்து நிற்பார்கள். பின்வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் நடுவே 10, 15 மீட்டருக்கு மேல் விடாதீர்கள். முன்னால் ஒருவனாவது நிற்கட்டும். மஞ்சள் அட்டை வாங்கிய பேக்கை எதிரணியின் வேகமான விங்கர் எதிரே விடாதீர்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது!

கோட்டுக்கு வெளியே நின்று “கீழ எறங்குலே” என்று கத்தும் அப்பாமார்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் “மக்களே, மேல ஏறு” என்கிறேன், நீங்கள் இறங்கச் சொல்கிறீர்கள். பையன் நடுவில் நின்று உங்கள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். அதற்குள் பந்து அவனைத் தாண்டிப் போய்விடுகிறது.